யப்பான் படமும் இரண்டு விரல் இல்லாத கையும்

ஐந்தாறு வருஷத்துக்கு முன், ஒரு தை மாதக் கடைசியில், பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் இது நடந்தது. பின்னேரம் நாலு மணி இருக்கும். பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் பைக்குள் ஒரு கத்தி இருந்தது. அந்தக் கத்தியோடு முன்பின் தெரியாத ஒரு மனிதருக்குப் பின்னால் நடந்து போனேன். இதை இன்றுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லை, கட்டின மனிசிக்கும் சொல்லவில்லை.

கத்தி என்றதும் பயந்துவிடாதீர்கள். நான் குசினி வேலைக்காரன். அப்போது ஒரு யப்பான் உணவகத்தில் நின்றேன். யப்பான் என்று பலகையில்தான் இருந்தது, உள்ளே ஒரு யப்பான்காரனும் இல்லை. பத்திரோன், அதுதான் முதலாளி, சீனர், மீன் வெட்டுகிற நாங்கள் மூன்று பேரும் யாழ்ப்பாணம், மீன் நோர்வேயில் இருந்து வரும். மீன் வெட்டுகிறவன் தன் கத்தியை மற்றவன் கையில் கொடுக்கமாட்டான். கொடுத்தால் அடுத்த நாள் அது கத்தியாக இராது. வேலை முடிய அவரவர் கத்தியைக் கழுவித் துடைத்து, துணியில் சுருட்டி, நாடாவால் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம்.

மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும், இரவு வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். நடுவில் கிடைக்கிற இடைவெளியை இங்குள்ள எல்லாரும் கூப்யூர் என்றுதான் சொல்வோம். திரான்சியில் இருந்த என் அறைக்குப் போய்வர நேரம் காணாது. வெளியில் நின்றால் குளிர். உணவகத்துக்குப் பின்சந்தில் பழைய படங்கள் மட்டும் ஓடுகிற ஒரு சின்னத் தியேட்டர் இருந்தது. மாத அட்டை எடுத்தால் எத்தனை தரமும் போகலாம். நித்திரை கொள்ளத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க அங்கே சாமுராய்ப் படங்களாகவே போட்டார்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை.

நித்திரை வரவில்லை. எங்கள் படங்களில் கதாநாயகன் பத்து நிமிஷம் வசனம் பேசிவிட்டுத்தான் கை நீட்டுவான். இவர்கள் பேசுவதே இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள், வாளில் கை இருக்கும், எடுக்கமாட்டார்கள். காற்று மட்டும் வீசும். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு நெஞ்சு இடிக்கும். ஒரு குறை என்னவென்றால், ஐந்தேமுக்காலுக்கு நான் எழும்பி ஓடவேண்டும். முப்பது படமாவது பார்த்திருப்பேன், முடிவு பார்த்தது நாலோ ஐந்தோ. மிச்சப் படங்களில் வாள் வெளியில் வந்ததா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் என் அண்ணா. அவர் எனக்கு முதலே வெளிக்கிட்டவர். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர் ஏற்பாட்டில், கிழக்கு ஐரோப்பாப் பக்கம் காட்டுப் பாதையால் போனார். எல்லைக்குக் கிட்ட ஏதோ ஒரு ஊரில் இருந்து போன் எடுத்தார். தங்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஆளுக்கு இடக்கையில் இரண்டு விரல் இல்லை, குளிர் தின்றுவிட்டதாம், ஆனால் நல்ல மனுசன், யோசிக்காதை என்று சொன்னார். அவ்வளவுதான். பிறகு அதே கூட்டத்தில் வந்த ஒருவர் மூலம் கேள்விப்பட்டோம்: காட்டுக்குள் அண்ணாவுக்கு ஏலாமல் போய்விட்டது, அந்த ஆள் அவரை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்களை நடத்திக்கொண்டு போய்விட்டான். உடலும் கிடைக்கவில்லை, ஒரு செய்தியும் இல்லை. செத்தவருக்குச் செய்கிற அந்திரட்டியை அம்மா செய்ய விடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு ஆர் அந்திரட்டி செய்வது என்று கேட்டார்.

நான் பிரான்ஸுக்கு வந்து சேர்ந்த நாளில் இருந்து ஆட்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், இடக்கையைத்தான் பார்ப்பேன். மெத்ரோவில், பொபினியில் விசாவுக்கு நிற்கிற வரிசையில், கலியாண வீட்டுப் பந்தியில், எங்கேயும் இதுதான் வேலை. லா சப்பலில் தேர் இழுக்கிற அன்று சனமெல்லாம் பிள்ளையாரைப் பார்க்க, நான் வடம் பிடித்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த நிலைமையில் இருந்தவனுக்கு, அண்ணனைக் கொன்றவனைத் தேடிப் பத்து வருஷம் ஊர் ஊராக அலைகிற வீரனைத் திரையில் காட்டினால் எப்படி இருக்கும்? அது நான்தான் என்று நினைத்தேன். பேச்சைக் குறைத்தேன், முதுகை நிமிர்த்தி நடந்தேன். என்னோடு அறையில் இருந்த பெடியன், "சாமுராய் வாறார், சோத்தைப் போடுங்கோ" என்று பகிடி பண்ணுவான். நான் சிரிக்கமாட்டேன். விசர்தான், வேறென்ன சொல்ல.

அன்றைக்குக் குசினியில் தண்ணீர்க் குழாய் வெடித்து, இரவு வேலை இல்லை போங்கள் என்று பத்திரோன் அனுப்பிவிட்டார். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குவோம் என்று லா சப்பலுக்குப் போனேன். பனியில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. சாறிக் கடைப் பொம்மைகள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. குளிர் தாங்காமல் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஏறி ஒரு தேத்தண்ணி வாங்கினேன். மூலை மேசையில் தனியாக ஒருவர் இருந்தார், அறுபது வயதுக்குக் கிட்ட. பிளேன்ரீ கப்பை இடக்கையால் பிடித்திருந்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் அடியோடு இல்லை.

 என் கையில் இருந்த தேத்தண்ணி தளும்பி மேசையில் கொட்டியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், நான் எதைப் பார்க்கிறேன் என்று தன் கையைப் பார்த்தார், திரும்ப என் முகத்தைப் பார்த்தார். கையை ஒளிக்கவில்லை. மெதுவாக எழும்பி, கட்டிவைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியில் இறங்கினார். ஆர் அவர் என்று கடைக்காரரிடம் கேட்டேன். பேர் தெரியாதாம், ஒருத்தரோடும் கதைக்கிறதில்லையாம். எந்த நாளும் வந்து இரண்டு ரோல்ஸ் கட்டிக்கொண்டு போவாராம், தனிக்கட்டை, எதற்கு இரண்டு என்று தெரியாது என்றார்.

பின்னால் போனேன். அவர் வேகமாக நடக்கவில்லை. ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஆனால் நான் நின்றால் அவரும் நின்றார், நான் நடந்தால் நடந்தார். நடைபாதையில் வேறு ஆட்கள் இல்லை, அவர் காலடி மட்டும் பனியில் விழுந்துகொண்டு போனது, நான் அதிலேயே கால் வைத்துப் போனேன். மேலே பாலத்தில் மெத்ரோ போன சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது போல இருந்தது. சந்தியில் ஆட்கள் கடக்கிற விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒரு வாகனமும் வரவில்லை. இருந்தும் அவர் நின்றார். நான் ஒரு முழம் பின்னால் நின்றேன். அவர் கழுத்துத் துணி போடவில்லை. கோட்டின் கழுத்துப் பட்டியைக் கீழே மடித்துவிட்டிருந்தார். வெறும் பிடரியில் பனி விழுந்து கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஆர் இந்தக் குளிரில் அப்படி நிற்பார்கள்?  ஆனாலும் பைக்குள் கையை விட்டுக் கத்தி நாடாவைத் தளர்த்திக்கொண்டேன்.

ரயில் தண்டவாளப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பழைய கட்டடத்து வாசலில் நின்று, கதவைத் திறக்கிற இரகசிய எண்ணை, நாங்கள் கோட் என்பதை, அடித்தார். இங்கே எல்லாரும் உடம்பால் மறைத்துக்கொண்டுதான் கோட் அடிப்பார்கள். அவர் ஒரு பக்கமாக விலகி நின்று, எனக்குத் தெரியத்தக்கதாக, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். பிறகு உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. அப்போதே நான் திரும்பியிருக்கவேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நானும் அதே எண்களை அடித்து உள்ளே போனேன்.

மரப்படி, லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடிக்கு வர, நேரம் வைத்து எரிகிற விளக்கு அணைந்துபோனது. கும்மிருட்டு. மேலே கேட்டுக்கொண்டிருந்த காலடியும் நின்றுவிட்டது. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. அடுத்த நிமிஷம் மேலிருந்து ஆரோ பொத்தானை அழுத்தினார்கள், விளக்கு எரிந்தது, காலடி திரும்பத் தொடங்கியது. அவர்தான் எனக்காக விளக்குப் போட்டிருக்கிறார்.  கொல்ல வருகிறவனுக்குப் படியில் விளக்குப் போடுகிற மனிதனை நான் எந்தப் படத்திலும் கண்டதில்லை.

கடைசி மாடியில் ஒரு கதவு பாதி திறந்திருந்தது. கட்டில் ஒன்றும் மேசை ஒன்றும் வைக்க மட்டும் இடம் உள்ள அறை. ஜன்னல் ஆவென்று திறந்து கிடந்தது, விளிம்பில் பனி குவிந்திருந்தது, ஹீற்றர் போடவில்லை. வெளியை விட உள்ளே குளிர். மேசையில் இரண்டு கப், இரண்டு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு ரோல்ஸ். ஒரு கதிரை காலியாக இருந்தது. மற்றக் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் இருந்தார். கை இரண்டும் முழங்காலில். தலை கொஞ்சம் குனிந்திருந்தது.

"கதவைச் சாத்திப்போட்டு வாரும் தம்பி," என்றார். "இவ்வளவு காலம் எடுக்கும் எண்டு நான் நினைக்கேல்லை."

 என்னைக் கண்டதும் தெரிந்துவிட்டதாம், பார்வை அப்படியே அண்ணன்ரை பார்வை என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினார். காட்டுக்குள் மூன்றாம் நாள். மற்ற ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள், இவரும் அண்ணனும்தான் கடைசி. அவன் மரத்தடியில் குந்திவிட்டான், எப்பன் நேரம் இருந்துவிட்டு வாறன், நில்லு என்று கேட்டான். நின்றால் இரண்டு பேருக்கும் சாவுதான் என்று இவருக்குத் தெரிந்தது. அவன் கையில் கம்பளிக் கையுறை இருந்தது. அதை இவர் கழற்றி எடுத்தார். அவன் தரவில்லை தம்பி, நான்தான் கழற்றினேன், அவனுக்குக் கையை இழுக்கவும் பலம் இல்லை என்றார். அப்படி எடுத்துப் போட்டும் இரண்டு விரல் போய்விட்டது.

"நான் நடக்க, அவன் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்சத் தூரம் போனாப்பிறகு கேக்கேல்லை. கேக்கேல்லை எண்டு நான் சந்தோசப்பட்டனான், தம்பி."

கத்தி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. துணி காலடியில் கிடந்தது. அவர் பிடரி எனக்கு முன்னால், கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் பார்த்த அத்தனை படத்திலும் வருகிற அதே நிற்பு. ஒருவரும் அசையவில்லை. ஜன்னலால் பனி உள்ளே வந்து மேசையில் விழுந்துகொண்டிருந்தது. குத்தியிருப்பாயா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயம்.

அவர் அப்போதும் திரும்பவில்லை. சொல்லவேண்டியதெல்லாம் சொல்லிவிட்டேன், வந்த அலுவலைப் பாரும் என்றார். பிறகு, சும்மா சுகம் விசாரிப்பது போல ஒன்று கேட்டார்.

"காலுக்கு இப்ப சுகம் போலை. செல் பட்ட கால் எண்டு அண்ணன் சொல்லி அழுறவன். படியிலை நடை நேராத்தான் கேட்டுது."

ஊரில் எத்தனையோ செல் குண்டு விழுந்தும் என் காலில் ஒரு நாளும் பட்டதில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

 எந்த வருஷம் நடந்தது என்று ஒருமாதிரி வாயைத் திறந்து கேட்டேன். சுனாமிக்கு முந்தின மாரி என்றார். அந்த நேரம் என் அண்ணா ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அப்படியென்றால் இவர் வேறு ஆள். அண்ணாவைக் கூட்டிப்போன ஆளுக்கு முதலே விரல் இல்லை, இவருக்குக் காட்டுக்குள்தான் போனது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் ஆரையும் கூட்டிக்கொண்டு போனவரும் இல்லை, என் அண்ணாவைப் போலவே ஏஜென்சிக்குக் கொடுத்து நடந்து வந்த இன்னொருவர். இவர் விட்டுவிட்டு வந்தது இன்னொருவனின் அண்ணனை. குளிர் விரலைத் தின்ற மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருப்பார் என்று இத்தனை வருஷம் நம்பினேனே! அந்தப் பாதையால் வந்தவர்களில் எத்தனை பேருக்கு விரல் போயிருக்கும் என்று யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை. கால் பற்றி அவர் கேட்க ஒரு நிமிஷம் பிந்தியிருந்தால், சம்பந்தமில்லாத ஒரு மனிதரின் இரத்தம் என் கையில் இருந்திருக்கும்.

உண்மையைச் சொல்லிவிட்டு ஓடத்தான் முதலில் நினைத்தேன். அண்ணை, நான் அவன் இல்லை, ஆள் மாறி வந்துவிட்டேன் என்று வாய்வரை வந்தது. ஆனால் அந்தப் பிடரியைப் பார்த்தேன். சொல்லிவிட்டு நான் போனால் இவர் என்ன செய்வார்? ஜன்னலைத் திறந்துபோட்டு, நாளைக்கும் இரண்டு கப்பை எடுத்துவைத்து, கழுத்துப் பட்டியை மடித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன்தான் சாமுராய் என்று நினைத்து நான் முதுகை நிமிர்த்தி நடந்தேன். செய்த பிழைக்குப் பதில் சொல்ல, ஓடாமல், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை மாரி இருந்திருக்கிறார். அந்த அறையில் சாமுராய் ஒருவர் இருந்தால் அது நான் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஓம் அண்ணை," என்றேன். "இப்ப சுகம்."

கத்தியைத் துணியில் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். நாடா கட்டவில்லை. வீட்டிலே ஒருத்தருக்கும் உங்கள் மேல் கோபமில்லை, நீங்கள் நின்றிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்றேன்.  அவர் கதிரையைத் திருப்பினார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நான்தான் அழுதேன், சின்னப்பிள்ளை போல. கேத்தலில் தண்ணி கொதிக்கவைத்து இரண்டு கப்பிலும் தேத்தண்ணி ஊற்றினார். ரோல்ஸ் ஆறிப் பச்சைத் தண்ணியாய் இருந்தது, இரண்டு பேரும் தின்றோம். அண்ணனுக்கு அந்திரட்டி செய்தீர்களா என்று கேட்டார். அம்மா விடவில்லை என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். செய்யச் சொல்லும் தம்பி, பாவம் அவ, எவ்வளவு காலத்துக்குப் பார்த்துக்கொண்டு இருப்பா என்றார்.

வெளிக்கிடும்போது கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பிஸ்கட் ரின்னை எடுத்தார். உள்ளே ஒரு சோடி கருநீலக் கம்பளிக் கையுறை. ஒரு பெருவிரலில் வேறு நிற நூலால் தைத்திருந்தது. உம்மடை அண்ணன்ரை, உம்மிட்டைத்தான் இருக்கவேணும் என்று நீட்டினார். வாங்கக் கை கூசியது. வாங்காமல் என்ன செய்வது? வாங்கினேன். படி இறங்கும் வரைக்கும் அவர் மேலே நின்று விளக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த கிழமை தியேட்டரில் ஒரு படத்தை முடியும் வரைக்கும் இருந்து பார்த்தேன். வேலைக்குப் பிந்திப் போய்ப் பத்திரோனிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன். மூன்று கிழமைக்குப் பிறகு, மனம் கேட்காமல், உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று அந்த ஒழுங்கைக்குப் போனேன். கீழே நின்று மேலே பார்த்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடி முழுக்க உள்ளே இருந்து வேர்த்திருந்தது, ஹீற்றர் போட்டிருக்கிறார். கோட் எனக்குத் தெரியும், ஆனால் அடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். அந்த வருஷமே அம்மாவோடு கதைத்துச் சம்மதிக்கவைத்து, ஊரில் அண்ணாவுக்கு அந்திரட்டி செய்தோம்.

போன மாரியில் அவர் நித்திரையிலேயே காலமானார் என்று அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார். இனி அவருக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்பதால்தான் எழுதுகிறேன். கையுறை என்னிடம் இருக்கிறது, அது என்னுடையது இல்லை. காலில் செல் பட்ட அந்தத் தம்பி எங்கே இருக்கிறாரோ தெரியாது. அவருக்குச் சொல்லவேண்டியதை நான் இடையில் நின்று கேட்டுவிட்டேன், அவர் கொடுக்கவேண்டிய மன்னிப்பை நான் கொடுத்துவிட்டேன். அதற்கு எனக்கு உரிமை இருந்ததா என்று நித்திரை வராத நாட்களில் யோசிப்பேன், விடை கிடைத்ததில்லை. ஆனால் என் அண்ணாவைப் பனிக்குள் விட்டுவிட்டு நடந்த அந்த ஆளும் எங்கேயோ ஒரு அறையில் ஜன்னலைத் திறந்துபோட்டுக் குளிருக்குள் இருக்கிறார் என்றால், நான் போய்ச் சேராவிட்டாலும், ஆள் மாறி வந்த எவனாவது ஒருத்தன் அவரிடம் போய் "ஓம் அண்ணை" என்று சொல்லியிருக்கவேணும் என்றுதான் இப்போது கும்பிடுகிறேன்.